நீலக் கோட்டுக்குக் கீழே

பிரம்மநாயகி எதையும் மறக்கிற ரகம் இல்லை. பாளையங்கோட்டையில் அவள் வேதியியல் நடத்தும் கல்லூரியில் புதிதாகச் சேருகிற ஆசிரியர்களுக்கு முதல் நாளே இது சொல்லப்பட்டுவிடும். மேடம் கோபப்படமாட்டார்கள், சத்தம் போடமாட்டார்கள், ஆனால் எடுத்த பேனாவை எடுத்த இடத்தில் வைத்துவிடுங்கள் என்று.

ஒரு தடவை வீட்டுப் பக்கத்துப் பலசரக்குக் கடைக்காரர் கலப்பட மஞ்சள்தூளை அவள் தலையில் கட்டிவிட்டார். சாம்பாரின் நிறம் கண்ணைப் பறித்தபோதே அவளுக்குத் தட்டியது. கடைக்குப் போய்ச் சண்டை போடவில்லை. தூளைக் கல்லூரிக்குக் கொண்டுபோய் அமிலத்தில் வேகவைத்து, உலோகம் அளக்கும் கருவியில் ஏற்றினாள். காரீயமும் குரோமியமும் கைகோத்துக்கொண்டு வந்து நின்றன. முடிவைப் பெரிய எழுத்தில் அச்சடித்துத் தெருவில் ஒரு வீடு விடாமல் கதவிடுக்கில் செருகினாள். கடைக்காரர் வீட்டுக் கதவையும் விடவில்லை. அந்தக் கடையில் இப்போது செல்போன் ரீசார்ஜ் செய்கிறார்கள்.

"கோவம் வந்தா கத்தித் தீத்துரணும் மேடம். நீங்க ஊறுகாய்ல்லா போட்டு வைக்கிய" என்பார் மீரா முகைதீன். அதே துறையில் அவளோடு பல வருடமாக வேலை பார்க்கிறவர், அவளிடம் இப்படிப் பேசத் துணிந்த ஒரே ஆள்.

"கத்தினா தொண்டைதான் வலிக்கும் பாய்" என்பாள் அவள்.

அப்படிப்பட்டவளின் தங்கையைத்தான் ஆலைக்காரர் ஆவுடைநாயகம் சபையில் வைத்து ஒரு வார்த்தை சொன்னார். சொல்லும்போது அவருக்கு இது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

அவர்கள் ஊர் பூவாணிக்குளம், ஆழ்வார்குறிச்சியிலிருந்து கொஞ்ச தூரம். ஒரு காலத்தில் குளத்துப் பாசனம் பாதிக்கு மேல் இவர்கள் குடும்பத்துக்குச் சொந்தம் என்பார்கள். பிரம்மநாயகி பிறந்தபோதே அதில் பெருமை மட்டும்தான் மிச்சம் இருந்தது. அப்பா போனபிறகு அந்த வீட்டில் அண்ணன் நடராஜ் இருந்தான். கூட்டுறவுச் சங்கத்து வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். தங்கை கோமுவின் புருஷன் துபாயில். அதனால் அவளும் மகள் பிருந்தாவோடு அண்ணன் வீட்டிலேயே வந்து தங்கியிருந்தாள். நெடுநாள் காத்திருந்து பிறந்த பிள்ளை அது. பேச ஆரம்பித்தால் வாய் ஓயாது. பிரம்மநாயகிக்குக் கல்யாணம் இல்லை, பிள்ளை குட்டி இல்லை. சனிக்கிழமை தவறாமல் அம்பாசமுத்திரம் பஸ் ஏறி அங்கிருந்து ஊருக்குப் போவதே அந்தப் பேச்சைக் கேட்கத்தான்.

அந்தப் பேச்சு பையக் குறைந்தது. முதலில் வயிற்றுவலி என்றார்கள். பிறகு பிள்ளை சோர்ந்து சோர்ந்து உட்கார்ந்தது. ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் வலிப்பு வந்து விழுந்தது. ரத்தத்தைப் பார்த்த டாக்டர் கேட்ட முதல் கேள்வி, வீட்டுப் பக்கத்தில் பேட்டரி கம்பெனி ஏதாவது இருக்கிறதா என்பதுதான்.

இருந்தது. குளத்துக்கு மேற்கே ஆவுடைநாயகத்தின் ஆலை. பழைய பேட்டரிகளை உடைத்து உள்ளே இருக்கும் காரீயத்தை உருக்கிக் கட்டியாக்குகிற இடம். ஆவுடைநாயகம் வேறு ஆள் இல்லை, பங்காளி, முறைக்குச் சித்தப்பா. கோமு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, துணைக்கு நடராஜையும் கூட்டிக்கொண்டு ஆலை வாசலுக்குப் போனாள். சண்டைக்கு இல்லை. டாக்டர் இப்படிச் சொல்லுகிறார், கொஞ்சம் பாருங்கள் என்று கேட்கத்தான் போனாள்.

ஆவுடைநாயகம் வேலையாட்கள் எல்லோரும் நிற்கும்போது சொன்னார்: "பழைய வீட்டு பெயிண்ட்ல ஈயம் உண்டு. பிள்ளை சன்னல நக்குதா, கம்பிய கடிக்காளான்னு பாக்காம நீ டிவி பாத்துக்கிட்டு இருந்தா கம்பெனி என்னம்மா செய்யும்? பெத்தா மட்டும் போதாது. வளக்கத் தெரியணும்."

நடராஜ் தலையைக் குனிந்துகொண்டு பக்கத்தில் நின்றான். ஒரு சொல் பேசவில்லை. அவன் சாது என்று ஊருக்கே தெரியும், அதனால் யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

அந்த வார்த்தை துபாய் வரைக்கும் போனது. புருஷன் போனில் கேட்டான், பிள்ளையைப் பார்க்கத்தானே உன்னை அங்கே விட்டேன் என்று. அடுத்த சனிக்கிழமை பிரம்மநாயகி வீட்டுக்குள் நுழைந்தபோது கோமு முன்னறை ஜன்னலில் ஏறி உட்கார்ந்து பச்சைப் பெயிண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். நகத்தால். விரல் நுனி எல்லாம் ரத்தம்.

"ஏட்டி, என்ன செய்யுத?"

"நான்தாங்க்கா பாக்காம விட்டுட்டேன். சன்னல்தான் காரணமாம்."

அதற்கடுத்த வாரம் அவள் கையில் சுவர் சுரண்டப் பெயிண்ட் கடைகளில் விற்கும் பட்டித் தகடு ஒன்று இருந்தது. தங்கச்சி கை கிழிகிறது என்று நடராஜ் அம்பாசமுத்திரத்தில் இருந்து வாங்கி வந்து கொடுத்தானாம். அண்ணனுக்கு அந்த மட்டும் இரக்கம் இருக்கிறதே என்று பிரம்மநாயகி நினைத்துக்கொண்டாள். கோமுவோ சமையல் முடிந்தால் ஜன்னல், பிள்ளை தூங்கினால் ஜன்னல் என்று ஆகிவிட்டாள். ஒரு ஜன்னலை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவாள். பிறகு முதல் ஜன்னலில் இடுக்கில் ஏதோ மிச்சம் இருக்கிறது என்று திரும்பி வருவாள்.

பிரம்மநாயகிக்கு இழப்பீடு வேண்டியிருக்கவில்லை. ஆவுடைநாயகம் ஜெயிலுக்குப் போவதுகூட அவளுக்கு இரண்டாம் பட்சம். அந்த ஆள் சபையில் சொன்ன வார்த்தையைச் சபையில் வைத்துத் தன் வாயாலேயே திரும்ப எடுக்க வேண்டும், கோமு அதைக் காதால் கேட்க வேண்டும். இதுதான் வேண்டும். ஊறுகாய் ஜாடிக்குள் போட்டு மூடியாகிவிட்டது.

மண்ணிடம் கேட்டால் சொல்லும் என்பது அவள் தொழில். காரீயம் எங்கேயும் தனியாக வராது, கூட்டாளியோடு வரும். பச்சை, மஞ்சள் பெயிண்டில் இருந்து வந்தால் குரோமியத்தைக் கூட்டிக்கொண்டு வரும், அந்த மஞ்சள்தூள் மாதிரி. பழைய பேட்டரியில் இருந்து வந்தால் ஆன்டிமனியைக் கூட்டிக்கொண்டு வரும், பேட்டரித் தகட்டை இறுக்கமாக்க அதைச் சேர்ப்பார்கள். கூட்டாளியைப் பிடித்தால் களவாணி எந்த வழியாக வந்தான் என்று தெரிந்துவிடும். ஆனியிலும் ஆடியிலும் மலைக் கணவாய் வழியாகக் காற்று மேற்கே இருந்து வாரி அடிக்கிற ஊர் அது. ஆலைக்கு மேற்கே மண் சுத்தமாக இருந்து, கிழக்கே போகப் போகக் காரீயம் ஏறி இறங்கினால் போதும்.

ஆனால் எதிராளி சளைத்தவர் இல்லை. அவள் கொடுத்த புகாரின் பேரில் அதிகாரிகள் மண் எடுக்க வருகிறார்கள் என்று தெரிந்ததும், மரக்கன்று நடும் விழா என்று பெயர் வைத்துக் குளக்கரையில் இருந்து கோயில் மைதானம் வரைக்கும் லாரி லாரியாகச் செம்மண் கொட்டி நிரப்பிவிட்டார். எடுத்த மண் எல்லாம் எங்கேயோ மலையடிவாரத்து மண். பரிசுத்தம் என்று முடிவு வந்தது. வீட்டு முற்றத்து மண்ணையாவது பாருங்கள் என்று பிரம்மநாயகி கேட்டாள். பார்த்தார்கள். ஆன்டிமனியும் இருந்தது, குரோமியமும் கொட்டிக் கிடந்தது. இல்லாமல் எப்படி இருக்கும்? கோமு நாள் கணக்கில் சுரண்டித் தள்ளிய பச்சைத் தூள் முழுக்க அந்த முற்றத்தில்தான் விழுந்திருந்தது. பார்த்தீர்களா பெயிண்ட்தான் என்று கம்பெனி வக்கீல் கையை விரித்தார்.

விசாரணைக்கு வந்திருந்த அதிகாரி ரீபா சின்ன வயது. நேர்மையானவள், ஆனால் விதியை விட்டு ஒரு அடி நகரமாட்டாள். "மேடம், எந்த வருஷத்து மண்ணுன்னு தெரியுற, கலையாத மண்ணு ஒண்ணு காட்டுங்க. நான் மறுபடி வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். புரண்டு கிடக்கிற ஊரில் கலையாத மண்ணுக்கு எங்கே போவது?

மார்கழியில் பேய் மழை அடித்தது. ஆற்றில் வெள்ளம், பஸ் இல்லை. தண்ணீர் வடிந்த பிறகு ஊருக்குப் போன பிரம்மநாயகி, குளக்கரை சுடலைமாடன் பூடத்தின் வடக்குப் பக்கம் இடிந்து விழுந்து கிடப்பதைப் பார்த்தாள்.

பூவாணிக்குளத்து மாடனுக்குச் சிலை இல்லை. கூம்பு மாதிரி எழும்பி நிற்கிற மண் பூடம்தான் மாடன். வருடா வருடம் சித்திரைக் கொடைத் திருவிழாவுக்கு முன்னால் பூடத்தின் எதிரே குளக்கரையில் மண் வெட்டி, மிதித்துக் குழைத்து, பூடத்தின் மேல் புதிதாக ஒரு பூச்சு பூசி, அதன் மேல் சுண்ணாம்பு அடிப்பார்கள். மற்ற ஊர்களில் பழைய பூச்சைச் சுரண்டிவிட்டுப் பூசுவது உண்டு. இங்கே சுரண்டக் கூடாது. மாடன் தோலை உரிப்பதா என்பார்கள். அதனால் பூடம் வருடத்துக்கு வருடம் பருத்துக்கொண்டே போகும். மாடனுக்குத் தொப்பை விழுந்துவிட்டது என்று கல்யாணமாகிப் போன பெண்கள் ஊருக்கு வரும்போதெல்லாம் கேலி பேசுவார்கள்.

இடிந்த பக்கத்தின் வெட்டுமுகத்தில் மண், சுண்ணாம்பு, மண், சுண்ணாம்பு என்று வரி வரியாகத் தெரிந்தது. மேலே ஓரிடத்தில் மட்டும் வெள்ளைக் கோடு இல்லை, மழையில் கரைந்த பழுப்புதான் இருந்தது. கொரோனாவினால் கொடை நடக்காத வருடம். அதற்குக் கீழே ஒரு கோடு வெள்ளையாக இல்லாமல் நீலமாக இருந்தது. அப்பா செத்த வருடம் அது. அதுவரைக்கும் முதல் கை மண் வைக்கிற மரியாதை அவர்கள் வீட்டுக்குத்தான். அப்பா படுக்கையில் விழுந்த வருடங்களில் நடராஜ் வைத்தான். அப்பா போனதும் தீட்டு என்று விலகி நிற்க, ஆவுடைநாயகம் முன்னால் வந்தார். அவர் ஆட்கள் சுண்ணாம்பில் நீலத்தை அள்ளிக் கொட்டிவிட்டார்கள். அந்தக் கொடையில் மாடன் ஆகாச நிறத்தில் நின்றதை ஊர் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கும். அதற்குப் பிறகு அந்த மரியாதை திரும்பி வரவில்லை. அந்தக் கொடை முடிந்த கையோடுதான் அவர் ஆலையையும் தொடங்கினார்.

அப்படியானால் நீலக் கோட்டுக்கு மேலே உள்ள ஒவ்வொரு பூச்சும் அந்தந்த வருடத்துக் குளக்கரை மேல்மண், ஆவுடைநாயகம் தன் கையால் எடுத்து வைத்தது. செம்மண் லாரி தொட முடியாத மண். சுண்ணாம்புக்கு நடுவே பூட்டிக் கிடப்பதால் காரீயமும் அசைந்திருக்காது. தன் மேல் உள்ள குற்றத்தைத் தானே வருடம் தவறாமல் பூசி, வெள்ளை அடித்து, மாலை போட்டுக் கும்பிட்டிருக்கிறார் மனுஷன். பிரம்மநாயகி அந்த இடத்திலேயே வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

விழுந்த மண்ணை ஆற்றில்தான் கரைக்க வேண்டும் என்பது முறை. கரைக்கிற பொறுப்பு சாமியாடியுடையது. அவரிடம் பிருந்தாவைக் கூட்டிக்கொண்டு போய் நின்றாள். பிள்ளை வாய் திறந்து ஏதோ சொல்ல முயன்றது, வரவில்லை. சாமியாடி பிள்ளை நெற்றியில் திருநீறு பூசிவிட்டார். "கொண்டுபோ தாயி. அவன் மண்ணு, அவன் பாத்துக்கிடுவான்" என்றார். இரண்டு கட்டிகளை எடுத்தாள். ஒன்றை முத்திரையிட்டு ரீபாவுக்கு அனுப்பி, வேறு ஊர் ஆய்வகத்தில் பார்க்கச் சொன்னாள். மற்றதைப் பாளையங்கோட்டைக்குக் கொண்டுவந்தாள்.

அடுக்கு அடுக்காகச் சுரண்டி, தனித்தனியாக அமிலத்தில் கரைத்து, மீரா முகைதீன் கருவியில் ஏற்ற, பிரம்மநாயகி பக்கத்தில் நின்று பார்த்தாள். நீலத்துக்கு மேலே காரீயம் படிப்படியாக ஏறியது. ஒவ்வொரு அடுக்கிலும் ஆன்டிமனி ஒட்டிக்கொண்டு வந்தது. குரோமியம் எந்த ஊர் மண்ணிலும் இருக்கிற அளவுக்கு மேல் இல்லை. ஜன்னலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

"மேடம், ஜெயிச்சுட்டிய" என்றார் அவர்.

நீலத்துக்குக் கீழே உள்ள அடுக்குகளையும் ஏற்றச் சொன்னாள். ஆலை வருவதற்கு முன்பு மண் சுத்தம் என்று காட்டினால்தானே கணக்கு முடியும். முதல் அடுக்கு ஏறியது. காரீயம் இருந்தது. ஆன்டிமனி இருந்தது. அதற்கடுத்ததிலும் இருந்தது. அதற்கடுத்ததிலும். அதற்கும் கீழே போனபிறகுதான் மண் சுத்தமானது. ஆவுடைநாயகம் அந்த இடத்துக்கு வருவதற்கு முன்னாலேயே அங்கே யாரோ பேட்டரி உடைத்திருக்கிறார்கள்.

அந்த இடம் அதற்கு முன்னால் யாருடையது என்று அவள் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அது அவர்கள் வயல். நடராஜ் தென்னைநார் சேர்த்து வைக்கிற கிட்டங்கிக்கு வாடகைக்கு விட்டிருப்பதாகச் சொன்ன வயல். பிறகு அவன்தான் அதை ஆவுடைநாயகத்துக்கு விற்றான்.

மீரா முகைதீன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கருவியை நிறுத்தினார். "மேடம், நமக்கு வேண்டியது மேல உள்ளதுதான். கீழ உள்ளதை நாம பாக்கவே இல்லன்னு வச்சா யாரு கேக்கப் போறா?"

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு அம்பாசமுத்திரத்துக்கு பஸ் ஏறினாள்.

கோமு காதில் விழக்கூடாது என்று நடராஜை பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்கு வரச் சொல்லியிருந்தாள். அவன் டீயைக் கையில் வாங்கியதும் கேட்டாள், தென்னைநார்க் கிட்டங்கியில் என்ன நடந்தது என்று. அவன் கடைக்காரன் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு டீயைப் பெஞ்சில் வைத்தான்.

"யாரு சொன்னா?"

"மண்ணு சொல்லிச்சு. நீ சொல்லு."

"வெளியூர்க்காரனுவ வந்தானுவ. பழைய பேட்டரின்னானுவ. எனக்கு என்னம்மா தெரியும் அப்ப? உடைச்சானுவ, உருக்கினானுவ. கசடு நிறையக் கெடந்துச்சு. நம்ம பின்வாசல் பள்ளத்துல மழைத்தண்ணி நிக்குதேன்னு அதை அள்ளிப் போட்டு மேடாக்கினேன்."

பின்வாசல். பிருந்தா வந்த நாள் முதலாகச் செப்புச்சாமான் வைத்துச் சோறாக்கி விளையாடுகிற இடம்.

"டாக்டர் சொன்னப்பவே உனக்குத் தெரிஞ்சிருக்கும்."

"தெரிஞ்சுது."

"கம்பெனி வாசல்ல அந்த ஆளு அவளை அப்படிப் பேசும்போதும் தெரிஞ்சுக்கிட்டுதான் நின்ன."

நடராஜ் துண்டால் முகத்தைத் துடைத்தான். "ஆவுடைச் சித்தப்பாவுக்கு எல்லாம் தெரியும் பிரம்மு. நீ ரொம்ப நெருக்கினா என்னைத் தூக்கி முன்னால போடுவாரு. அந்தத் தைரியத்துலதான் இருக்காரு. நீ அவரைத்தான பிடிக்கணும்னு அலையுத? அவரை மட்டும் பிடி. நம்ம வீட்டு மானத்தை விட்டுரு. எங்க தோண்டின, சொல்லு."

"சொல்லமாட்டேன்."

திரும்புகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதையே நினைத்தாள். ஆலைப் புழுதியும் அண்ணன் கொட்டிய கசடும் ஒரே பேட்டரியின் பிள்ளைகள், ஒரே கூட்டாளி. பிருந்தாவின் ரத்தத்தில் எது எவ்வளவு என்று எந்தக் கருவியாலும் பிரிக்க முடியாது. கீழ் அடுக்கை மறைத்தால் முழுவதும் ஆவுடைநாயகத்தின் தலையில் ஏறும். அண்ணன் தப்பிப்பான். ஆனால் ஆவுடைநாயகத்தின் கையில் அவளுக்கு எதிராக இருக்கிற ஒரே பிடி அண்ணன்தான். அந்தப் பிடியை அவளே அறுத்துவிட்டால் அந்த ஆள் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பார்? மேலும் ஒன்று. ஒருவன் வாயால் சுட்டான், ஒருவன் வாயை மூடிச் சுட்டான். பின்னதுதான் அவளுக்கு இப்போது அதிகமாக எரிந்தது. பாளையங்கோட்டை வருவதற்குள் ஜாடியில் இரண்டு பேர் ஆகிவிட்டார்கள்.

சித்திரையில் பூடத்துக்கு மண் பூசுகிற நாளில் ரீபாவை வரச் சொன்னாள். வேறு ஊர் ஆய்வக முடிவும் வந்திருந்தது. இரண்டும் ஒன்றேதான் சொல்லின. எந்த மண், எந்த வருடம், யார் வைத்தது என்பதற்குச் சாட்சி மட்டும்தான் வேண்டும். "அதுக்கான ஆளு அங்கன வருவாவ" என்று போனில் சொல்லியிருந்தாள்.

பங்காளிகள் எல்லோரும் கூடியிருந்தார்கள். கோமு பிருந்தாவோடு ஓரமாக நின்றாள். ஜன்னல் வேலையில் இருந்து எழுந்து அப்படியே வந்திருந்தாள், பட்டித் தகடு இடுப்பில் செருகியபடி இருந்தது. செம்மண்ணை விலக்கி வெட்டியெடுத்த குளக்கரை மண் குழைந்து தயாராக இருந்தது. ஆவுடைநாயகம் வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முதல் கை மண்ணை அள்ளி எடுத்து நின்றார். அதிகாரி வந்திருப்பது செம்மண் விஷயமாக என்று நினைத்துக்கொண்டு ஏக உபசாரம்.

"இது என்ன வழக்கம் சார்? மண்ணு எங்க இருந்து எடுப்பீங்க?" என்று ரீபா கேட்டாள்.

கேட்டதுதான் தாமதம். "இந்தக் கரை மண்ணுதாம்மா. வேற மண்ணு மாடன் ஏத்துக்கிட மாட்டான். அந்தா தெரியுதுல்லா, அந்த இடம். வருசம் தவறாம என் கையாலதான் முதல் மண்ணு. நீலக் கலர்ல பூசினோமே, அந்த வருசம் தொடங்குச்சு. கொரோனாவுல மட்டுந்தான் நின்னுச்சு. வேற ஒருத்தனைத் தொட விடலயே" என்றார். கூட்டத்தில் நாலு பேர் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

ரீபா பையைத் திறந்து வரி வரியான கட்டியை வெளியே எடுத்தாள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, அவர் கை பட்ட ஒவ்வொரு அடுக்கிலும் பேட்டரிக் காரீயம் இருக்கிறது, வருடா வருடம் கூடிக்கொண்டே போயிருக்கிறது, பெயிண்டுக்கு இதில் பங்கு இல்லை என்று சொன்னாள்.

ஆவுடைநாயகம் முட்டாள் இல்லை. ஒரு நொடியில் கட்டியைப் பார்த்தார், நீலக் கோட்டைப் பார்த்தார், பிரம்மநாயகியைப் பார்த்துச் சிரித்தார். "நீலத்துக்குக் கீழயும் இருக்கான்னு உங்க புரொபசர் அம்மாட்ட கேளுங்க. இருந்தா அது யாரு கைன்னும் கேளுங்க. சொல்லு மவளே."

"இருக்கு" என்றாள் பிரம்மநாயகி. குரல் வகுப்பறைக் குரலாகவே இருந்தது. "அது எங்க வீட்டுக் கை. எங்க அண்ணன் நடராஜ் எங்க வயல்ல பேட்டரி உடைக்க இடம் குடுத்தான். அந்தக் கசடை அள்ளி வீட்டுப் பின்வாசல்ல கொட்டினான். பிருந்தா அங்கனதான் விளையாடினா. இதையும் எழுதிக்கிடுங்கம்மா. ஒரு அடுக்கையும் விடாதீங்க."

நடராஜ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். ஆவுடைநாயகத்தின் சிரிப்பு முகத்திலேயே காய்ந்துபோனது. கையில் மண் இருந்தது. மாடன் மண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பொய் சொல்லுகிறவனை அந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை. கீழே போட்டால் முதல் கை மரியாதை அத்தோடு போயிற்று.

"சித்தப்பா, கையில மண்ணோட நிக்கிய" என்றாள் பிரம்மநாயகி. "கம்பெனி வாசல்ல கோமுவை ஒரு வார்த்தை சொன்னிய. அதை இப்பச் சொல்லுங்க. அது நெசம்னா மண்ணைப் பூடத்துல வையுங்க. நாங்க கும்பிட்டுட்டுப் போறோம்."

சாமியாடி பூடத்தை மறைத்துக்கொண்டு வந்து நின்றார். ஆவுடைநாயகத்தின் கையில் இருந்து மண் சொட்டுச் சொட்டாக வேட்டியில் விழுந்தது. பிரம்மநாயகி அதை ஒவ்வொரு சொட்டாகப் பார்த்தாள். அவளுக்கு அவசரமே இல்லை.

"உன் மேல தப்பில்ல கோமு" என்றார் கடைசியில். "சன்னல் இல்ல. கம்பெனிப் புழுதிதான். அன்னைக்கு நான் பேசினது தப்பு."

"சத்தமா."

இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னார். சொல்லிவிட்டு மண்ணைக் குளத்துப் பக்கம் உதறிவிட்டு, யாரையும் பார்க்காமல் போனார். அன்று சாயங்காலமே ஆலைக்குச் சீல் வைத்தார்கள்.

பிரம்மநாயகி அதோடு நிறுத்தவில்லை. தரையில் இருந்தவனைப் பார்த்துத் திரும்பினாள். "அண்ணே, அடுத்தது நீ."

"தப்புதான் தாயி" என்று நடராஜ் கோமுவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான். "மானத்துக்குப் பயந்துதான் வாயத் திறக்கல. நீ மன்னிச்சுரு."

கோமு அழவில்லை. அவன் முன்னால் வந்து நின்று இடுப்பில் இருந்த தகட்டை உருவினாள். முனை தேய்ந்து மழுங்கிப்போயிருந்தது.

"எனக்குக் கை கிழியுதுன்னு இதை நீதான வாங்கிட்டு வந்து தந்த" என்றாள். "சன்னல் இல்லன்னு தெரிஞ்சுக்கிட்டேதான வாங்கிட்டு வந்த."

நடராஜ் கும்பிட்ட கையை இறக்கினான்.

பிரம்மநாயகிக்கு அந்தத் தகடு நினைவிலேயே இல்லை. எதையும் மறக்காதவள், அதை மட்டும் இரக்கம் என்று ஒதுக்கி வைத்துவிட்டாள். அத்தனை மாதம் யோசித்து யோசித்து வைத்திருந்ததில் இந்தக் கேள்வி இல்லை. இது கோமுவுடையது.

கோமு தகட்டை அவன் மடியில் வைத்தாள். "மாடி சன்னல் இன்னும் பாக்கி கெடக்கு. நீ சொரண்டு" என்று சொல்லிவிட்டு, பிருந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு, பாளையங்கோட்டைக்குப் போக பஸ் எத்தனை மணிக்கு என்று அக்காவிடம் கேட்டாள்.